ஓரளவு உலர்ந்ததும்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ செய்த தவறு இதுதான். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அதன் இங்கிலீஷ் பக்கத்தில் ஏழாவது வரி, பொட்டலங்கள் ‘குவைட் டிரை’ ஆன பிறகே வெளியே எடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்ப் பக்கத்தில் நீ ‘ஓரளவு உலர்ந்ததும் வெளியே எடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறாய். முற்றிலும் என்று எழுத வேண்டிய இடம் அது. அந்த ஒரு சொல்லை நம்பி வேலை பார்த்த ஒருத்தி இன்று வேலை போய் என் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

ஒன்பது வருஷமாக உன்னோடு பேசாதவள் இப்போது எழுதுவது அவளுக்காக. உனக்காக என்று நினைத்து சந்தோஷப்பட்டுவிடாதே.

அவளை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருவி அறைக்கு மாற்றினார்கள். நான் வேலை கற்றுக்கொடுத்த கடைசி ஆளும் அப்போது ஓய்வு பெற்றுப் போய்விட்டாள். அதனால் நெட்டைக்கு அந்த அட்டைதான் வாத்தியார். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அட்டையில் இருந்த பன்னிரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். என் சமையலறையில் உட்கார்ந்து ஒப்பித்துக் காட்டினாள்.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பொட்டலமாகக் கட்டி நீராவியில் வைப்போம். உள்ளே இருப்பது சுத்தமாகிவிடும். ஆனால் துணி ஈரமாக இருக்கும்போதே வெளியே எடுத்தால், அந்த ஈரம் திரி மாதிரி வேலை செய்யும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், மேஜையில், கையில், அலமாரியில் இருக்கிற அழுக்கை உள்ளே இழுத்துவிடும். நெட்டை எடுத்த ஓரளவு உலர்ந்த பொட்டலம் ஒன்று ஒரு தையல்காரரின் வயிற்று அறுவைக்குப் போனது. புண் சீழ் பிடித்து அவருக்கு மறுபடி தையல் போட்டார்கள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். உன் அத்தான், “தையல்காரனுக்கே ஆல்டரேஷனா?” என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

இப்போது நெட்டையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் என்னிடம் சொன்னது இது: “நான் படிக்காம செஞ்சேன்னு எழுதியிருக்காங்கக்கா. படிச்சுச் செஞ்சதாலதான் இந்த நெலம.”

இந்த மாதம் 28ஆம் தேதி விசாரணை. அதற்குள் அட்டையின் தமிழ் தவறு, படித்தவள் செய்தது தவறில்லை என்று நீ கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பவேண்டும். நான் வேலையை விட்ட மறு மாதம் அந்த இயந்திரம் வந்தது. ‘அக்கா வேலை பார்த்த இடத்துக்கு என் தமிழ் போகிறது’ என்று அத்தானுக்குப் பெருமையடித்து எழுதியிருந்தாய். ஆகவே நானில்லை என்று சொல்ல உனக்கு வழியில்லை.

இன்னொன்று. இதே சொல்லை வைத்துத்தான் நீ என்னை நாலு பேர் நடுவில் அவமானப்படுத்தினாய். நான் ஓய்வு பெற்ற அன்று என் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பெரிய டாக்டர் எனக்கு எழுதித்தந்த சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினேன். ‘இவள் வேலை குவைட் குட்’ என்று அதில் இருந்தது. முப்பது வருஷம் பெட்டியில் வைத்திருந்த தாள். நீ வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, “அக்கா, குவைட் குட்னா சுமார்னு அர்த்தம். பாஸ் மார்க்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் உட்பட.

போன் பண்ணாதே. போனில் நீ “அக்கா அக்கா” என்று பத்துத் தரம் சொல்லி விஷயத்தைக் கரைத்துவிடுவாய். எழுது. எழுதினால் எடுத்துக் காட்டலாம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பயந்துவிட்டேன். பிரித்துப் படித்தேன். உடம்பு சரியில்லாதது எனக்குத்தான் என்று புரிந்தது. ஆனாலும், நீ எழுதியதே எனக்குப் போதும். திட்டி எழுதினாலும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். என் மனைவி படித்துவிட்டு, “உங்கக்கா இன்னும் உங்கள மறக்கல” என்றாள். அது வாழ்த்தா எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

நெட்டை அம்மாவுக்கு நடந்தது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறையவே. ஆனால் விஷயம் நீ நினைப்பதுபோல் அவ்வளவு நேர்கோடு இல்லை. ‘குவைட்’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே இரண்டு முகம். கூடக் குறைய ஆக முடியாத ஒன்றோடு சேர்ந்தால் ‘முற்றிலும்’ என்று அர்த்தம். ‘குவைட் டெட்’ என்றால் முழுசாகச் செத்தவன். ஓரளவு செத்தவன் என்று யாரும் கிடையாது. கூடக் குறைய ஆகக்கூடிய ஒன்றோடு சேர்ந்தால் ‘ஓரளவு, பரவாயில்லை’ என்று அர்த்தம். குவைட் குட், குவைட் ஹாட், இப்படி. இதிலும் தேசத்துக்குத் தேசம் வித்தியாசம். கடலின் ஒரு கரையில் இருப்பவர்கள் ‘குவைட் குட்’ என்றால் சுமார் என்று எடுத்துக்கொள்கிறார்கள், மறுகரையில் இருப்பவர்கள் மிக நன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே பாஷை பேசுகிறவர்களே இப்படி அடித்துக்கொள்ளும்போது நான் எம்மாத்திரம்?

துணி அரைகுறையாகவும் காயும், முழுசாகவும் காயும் அல்லவா? அதனால் ‘ஓரளவு’ என்று போட்டேன். அகராதியை வைத்துப் பார்த்தால் அதைத் தவறு என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது.

என் நிலைமையையும் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் செய்யும் கம்பெனியோடு என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்பதே கிட்டத்தட்டத் தொங்கலில் இருக்கிறது. இந்த நேரத்தில் ‘நான் எழுதிய தமிழால் ஒருவருக்குப் புண் சீழ் பிடித்தது’ என்று கையெழுத்துப் போட்டால் அதோடு கதை முடிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள்?

ஒரு வழி இருக்கிறது. அச்சகத்தில் ‘முழுவதும்’ என்பது ‘ஓரளவு’ என்று மாறிவிட்டது, அச்சுப்பிழை என்று எழுதித் தருகிறேன். நெட்டை அம்மா தப்பித்துவிடுவார். நானும் தப்பிப்பேன். அந்த அச்சகம் மூடியே நாலு வருஷம் ஆகிறது, யாருக்கும் நஷ்டமில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் நான் பேசியதற்கு வருந்துகிறேன் என்று பல தடவை எழுத நினைத்து விட்டுவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

கேட்டவுடனே பதில் எழுதினாய். அதற்கு மட்டும் நன்றி. மீதிக்கு இல்லை.

செத்துப்போன அச்சகத்தின் தலையில் கட்டப் பார்க்கிறாய். அங்கே எழுத்துக் கோத்தவன் எங்கேயாவது இருப்பான். அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள். பொய்க் கடிதம் வேண்டாம். வந்தாலும் நான் கொடுக்கமாட்டேன், கிழித்துவிடுவேன்.

இப்போது உன் இலக்கணத்துக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் கற்றது மருந்துப் புட்டி லேபிளில், பெட்டிகளின் பக்கவாட்டில், டாக்டர்கள் கிழித்துப் போட்ட தாளில். இருந்தாலும் துணி எனக்குத் தெரியும். கூடக் குறைய ஆவது ஈரம்தான், உலர்வு அல்ல. சொட்டச்சொட்ட ஈரம், பிழிந்த ஈரம், கையில் ஒட்டாத ஈரம், கன்னத்தில் வைத்தால் மட்டும் தெரிகிற ஈரம், இத்தனை வகை உண்டு. இதெல்லாம் முடிந்த பிறகு வருவதற்குப் பெயர் உலர்வு. அதில் வகையே இல்லை. வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை. நீ சொன்ன செத்தவன் கதைதான். ஆகவே உன் விதிப்படியே ‘குவைட் டிரை’ என்றால் முற்றிலும் உலர்ந்தது. உன் அகராதியை எழுதியவன் துணி துவைத்திருக்கமாட்டான்.

பொட்டலத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறவளிடம் “உலர்ந்ததா?” என்று கேட்டு அவள் “பரவாயில்லை” என்றால், அதைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்வேன். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் சொன்னேன்.

உன் கடிதத்தில் ‘ஓரளவு’, ‘கொஞ்சம்’, ‘கிட்டத்தட்ட’, ‘முழுசாகச் சொல்லிவிட முடியாது’ போன்ற எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டேன். பதினொரு கோடு வந்தது. அத்தானிடம் காட்டினேன். “உன் தம்பி ஓரளவு மனுஷன்தான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா வேலை போயிடும்ல?” என்றும் கேட்டார். அதை நான் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். உன் வேலை போகலாம். அவள் வேலை போயேவிட்டது. உன்னிடம் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது, அவளிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் நீ கொடுத்தது.

நேற்று அவள் வந்து என் ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொன்னேன். “வேற எப்படிக்கா நன்றி சொல்றது? எனக்கு எழுத வராது” என்றாள். இன்னும் செய்து முடிக்காத உதவிக்கு நன்றி வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குச் சந்தேகம் என்றால் அந்த இங்கிலீஷை எழுதியவரைக் கேள். எழுதியவருக்குத் தெரியாமல் போகாது.

அக்கா


மார்ச் 16

அக்கா,

கேட்டு எழுதியிருக்கிறேன். அவர் கம்பெனியின் பழைய இன்ஜினீயர், ஓய்வு பெற்றுத் தன் மகள் வீட்டில் இருக்கிறார். பதில் வரட்டும். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பதினொரு கோடு அல்ல, பன்னிரண்டு. நகலை வைத்து நானும் எண்ணினேன். ‘அவ்வளவு நேர்கோடு இல்லை’ என்பதை நீ விட்டுவிட்டாய்.

தம்பி


மார்ச் 20

அக்காவுக்கு,

இதோடு நீ கேட்ட கடிதம் இருக்கிறது. கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருக்கின்றன. முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி.

இன்ஜினீயரின் பதில் மூன்று வரிதான் வந்தது. ‘உலர்ந்த என்று மட்டும் எழுதினால் அவசரக்காரர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள். அழுத்திச் சொல்லத்தான் குவைட் என்று சேர்த்தேன். அதை யாராவது தளர்த்திப் படிப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.’ அதாவது, இறுக்கக் கட்ட அவர் போட்ட முடிச்சை நான் அவிழ்த்திருக்கிறேன்.

அதன் பிறகு அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் படித்தேன். இத்தனை வருஷம் மொழிபெயர்த்தும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. லத்தீனில் அமைதி, ஓய்வு என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து கிளம்பியிருக்கிறது. ‘சத்தம் போடாதே’ என்று பலகையில் எழுதுகிறோமே, அந்தக் குவையட்டும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். வேலையை விட்டுவிட்டேன் என்கிற குவிட்டும் அதே வீட்டுப் பிள்ளை. பழைய பிரெஞ்சில் ‘கட்டு நீங்கிய, விடுபட்ட’ என்ற பொருளில் வழங்கியிருக்கிறது. எல்லாம் தீர்ந்து விடுபட்டது என்பதிலிருந்து இங்கிலீஷில் ‘முழுக்க’ என்று ஆகியிருக்கிறது. பல நூறு வருஷம் அந்த ஒரே அர்த்தம்தான். ‘ஓரளவு’ என்பது கடந்த இருநூறு வருஷத்துக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. மூத்த அர்த்தம் உன்னுடையது. நான் பிடித்துத் தொங்கியது பின்னால் பிறந்தது. அதில்கூட முறை மாறவில்லை பார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அட்டை என் மேஜைக்கு வந்தது உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு மறு மாதம். நீ பேச்சை நிறுத்தியிருந்தாய். நான்தான் சரி என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாவது வரியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. அகராதியைத் திறக்கவில்லை. உன்னிடம் ஜெயித்த அர்த்தத்தை எடுத்து அங்கேயும் போட்டேன். போனதடவை உனக்கு எழுதிய இலக்கணம் எல்லாம் இந்த மாதம் கட்டியது. அன்றைக்கு என் மனதில் இலக்கணம் இல்லை. உன்னோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

இது கடிதத்தில் இல்லை. விசாரணையில் சொல்லத் தேவையும் இல்லை. உனக்கு மட்டும்.

மேனேஜரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கடிதத்தை முதலில் அவரிடம்தான் காட்டினேன். “இத நீங்களே வந்து சொல்றீங்களா?” என்றார். “எங்க அக்கா சொல்லச் சொன்னாங்க” என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. “உங்களுக்கு வயசு என்ன?” என்று கேட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: நான் இதுவரை தமிழாக்கிய நூற்று நாற்பது அட்டைகளையும் மே மாதக் கடைசிக்குள் சரிபார்த்துக் கொடுக்கவேண்டும், இன்னொருவர் படித்து ஒப்புதல் கையெழுத்துப் போடவேண்டும், அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சு. எனக்கு அந்த இன்னொருவர் யாரும் இல்லை. பார்ப்போம்.

நீ அந்தப் பொய்க் கடிதத்தைக் கிழித்துவிடுவேன் என்று எழுதாமல் இருந்திருந்தால் நான் அதைத்தான் அனுப்பியிருப்பேன். ஆகவே உனக்கு நன்றி. வேலை நிலைக்காவிட்டாலும் இது நிலைக்கும்.

உன் சான்றிதழைப் பற்றியும் ஒன்று. பெரிய டாக்டர் பழைய காலத்து ஆள். அவர் கேஸ் தாள்களில் ‘புண் குவைட் ஆறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்’ என்று எழுதுவார் என்று நீயே முன்னொரு காலத்தில் சொல்லியிருக்கிறாய். அரைகுறையாக ஆறின புண்ணோடு அவர் யாரையும் அனுப்பியிருக்கமாட்டார். அவருடைய குவைட் மூத்த குவைட். உனக்கு எழுதியதும் அந்த அர்த்தத்தில்தான் இருக்கவேண்டும். ‘இவள் வேலை முற்றிலும் நன்று.’ நான் சொன்னது தப்பு அக்கா. எல்லோருக்கும் தனித்தனியாக எழுதிச் சொல்லவும் தயார்.

தம்பி


மார்ச் 23

கடிதம் வந்தது. மூன்று நகல் எடுத்தேன். ஒன்று நெட்டையிடம், ஒன்று என்னிடம், ஒன்று அத்தானின் சட்டைப் பையில். அசல் என் பையில். மற்றது விசாரணை முடிந்த பிறகு.

அக்கா


மார்ச் 29

தம்பிக்கு,

நெட்டைக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை சேருகிறாள். அதே அறை, அதே இயந்திரம். இதை முதலில் எழுதிவிட்டேன், மீதியை நீ நிதானமாகப் படிக்கலாம்.

விசாரணை மாடியில், நீண்ட மேஜை போட்ட அறையில் நடந்தது. ஜன்னல் திறக்க வராது. ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி, பக்கத்தில் ஹெட் சிஸ்டர். எதிர்ப்பக்கம் நெட்டை. அவளுடைய முழங்கால் மேஜைக்கு அடியில் நுழையவில்லை, அதனால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அது அவள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்று விதி இருப்பதால் நான் போனேன். அதிகாரி நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். “நீங்க யாரும்மா?” என்றார். “இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து முற்றிலும் ரிட்டயர் ஆனவ” என்றேன். ஹெட் சிஸ்டர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

உன் கடிதத்தை நான்தான் படித்தேன். ‘தவறு என்னுடையது. அச்சிட்டவருடையது அல்ல. படித்து அதன்படி நடந்தவருடையதும் அல்ல. அட்டையில் எழுதியிருந்ததை அவர் சரியாகவே செய்தார்’ என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் நின்றது. ஜன்னல் திறக்காத அறை, புழுக்கம்.

அதிகாரி, “ஒரு வார்த்தைக்கா இவ்வளவு? அனுபவத்துல தெரிஞ்சிருக்க வேண்டாமா?” என்றார்.

நெட்டை அவர் பக்கம் திரும்பினாள். “சலவையில நான் என் அனுபவத்துல சோப்பு போட்டேன்னு ஒரு தடவ மெமோ குடுத்தீங்க சார். அட்டையப் பாத்துச் செய்னு அதுல எழுதியிருந்தீங்க. அன்னிலேர்ந்து அட்டையப் பாத்துத்தான் செய்றேன்” என்றாள். நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே அந்த மெமோ விஷயம் தெரியாது.

தையல்காரரும் வந்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குப் பயம். புண்பட்டவர் அவர்தானே. அதிகாரி கேட்டதும் மெதுவாக எழுந்தார்.

“துணியப் பத்தி என்கிட்ட கேளுங்க. லேசா ஈரம் இருந்தா இஸ்திரி நல்லா விழும். ஆனா மடிச்சு உள்ள வெக்க மாட்டோம், பூஞ்சை பூத்துடும். அந்தம்மாவுக்குத் தப்பா சொல்லிக்குடுத்திருக்காங்க. அளவு தப்பா எழுதிக் குடுத்தா கட் பண்றவன் என்ன பண்ணுவான்? அட்டையத் திருத்துங்க சார். ஆளத் திருத்த வேணாம்.”

நெட்டை எழுந்து அவரைக் கும்பிட்டாள். “என்னாலதானே உங்களுக்கு…” என்று ஆரம்பித்தாள். “உக்காரும்மா, நிமிந்து பாத்தா கழுத்து வலிக்குது” என்றார் அவர். அந்த அறையில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் வெளியே வராந்தாவில் நின்றவர், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

உன்னைப் பற்றி அதிகாரி, “இந்த மாதிரி ஒருத்தர் தானா ஒத்துக்கிட்டு எழுதி நான் பாத்ததில்ல” என்றார். தானாக இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ தானாகத்தான் செய்தாய். நான் கேட்டது மட்டும்தான். பொய்யைக் கிழிக்க என்னால் முடியும், உண்மையை எழுத நீதான் வேண்டும். உன் வேலையைக் கையில் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். நன்றி. இந்தச் சொல்லை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுதிவிட்டேன், திரும்பத் திரும்பப் படிக்காதே.

சான்றிதழ் விஷயத்தில் நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறாய். ‘புண் ஆறிவிட்டது’ என்பதும் ‘நன்று’ என்பதும் ஒன்றா? ஆறுவது முடிகிற காரியம். நன்றாக இருப்பதற்கு முடிவு ஏது? நீ சொல்லிக்கொடுத்த விதிதான் இது, நீயே மீறுகிறாய். பெரிய டாக்டர் எனக்கு எழுதியது சுமார் என்றுதான். இந்த மூன்று வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சான்றிதழுக்கு இரண்டு மாதம் முன்னால், நான் ஈரமான பொட்டலம் ஒன்றை அனுப்பிவிட்டேன். எனக்கு அப்போது அட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. தரை துடைக்க வந்தவளை ஆள் இல்லை என்று அந்த அறையில் நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் பொட்டலத்தைக் கையில் எடுத்தவர் பிரிக்காமலே இறங்கி வந்தார். திட்டுவார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். பொட்டலத்தை என் கன்னத்தில் வைத்தார். “தெரியுதா?” என்றார். தெரிந்தது. அவ்வளவுதான், போய்விட்டார். பிறகு என்னை அந்த வேலையில் நிரந்தரமாக்க எழுதிக்கொடுத்த தாள்தான் அது. அன்றைக்கு என் வேலை சுமார்தான். அவர் மிக நன்று என்று எழுதியிருந்தால் பொய். அதைப் பார்த்து நான் அங்கேயே நின்றிருப்பேன். ஐந்தாவது படித்த தரை துடைப்பவளுக்கு ஒரு பெரிய மனிதர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்தும் போட்டார். பாஸ் மார்க் போட்டு உள்ளே விட்டார். அவருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அர்த்தம் தெரியாமல் பெருமைப்பட்டேன், அர்த்தம் தெரிந்ததும் கோபப்பட்டேன், இப்போதுதான் நன்றி சொல்லத் தோன்றுகிறது. அவர் இல்லை. ஆகவே அந்த நன்றியையும் உன்னிடம் எழுதிவைக்கிறேன்.

அர்த்தத்தில் அன்றைக்கு நீ சரி. சொன்ன இடம், சொன்ன விதம், சோற்றை மென்றுகொண்டு சொன்னது, மூன்றும் தவறு. இதில் நான் இறங்கி வரமாட்டேன். யாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டாம், பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

இனி நடக்க வேண்டியவை:

ஏழாவது வரியை நீ இப்படி மாற்றவேண்டும்: ‘பொட்டலம் முற்றிலும் உலர்ந்த பிறகே வெளியே எடுக்கவும். ஒன்றை மட்டும் கன்னத்தில் வைத்துப் பார்க்கவும். ஈரம் தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்ப வைக்கவும்.’ கன்னம் இங்கிலீஷில் இல்லை என்று சொல்லாதே. இங்கிலீஷிலும் சேர்க்கச் சொல். சுத்தமான கை, சுத்தமான கன்னம் என்று வேண்டுமானால் போட்டுக்கொள். கன்னத்தில் வைத்த அந்தப் பொட்டலம் உலர்ந்திருந்தாலும் அறுவைக்குப் போகாது, மறுபடி நீராவிக்குப் போகும் என்பதையும் எழுது.

புது அட்டை அச்சாகி வரும்வரை ஹெட் சிஸ்டர் பழையதைக் கழற்றி வைக்கவேண்டும். சொல்லிவிட்டேன், என் கண்முன்னால் கழற்றினார். அதே இயந்திரம் போன மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு உன் மேனேஜர் இந்த வாரமே எழுதவேண்டும். அச்சாகட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

அதிகாரி நெட்டையின் பதிவிலிருந்து அந்தப் பழியை அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடவேண்டும். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்ப்பேன்.

அத்தான் தையல்காரரின் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வரவேண்டும். ஆல்டரேஷன் ஜோக்கை அங்கே சொல்லக்கூடாது.

நூற்று நாற்பது அட்டைகளையும், இங்கிலீஷும் தமிழுமாக, நீ எனக்குத் தபாலில் அனுப்பவேண்டும். மொத்தமாக வேண்டாம், இருபது இருபதாக அனுப்பு. இங்கிலீஷை நான் பார்க்கிறேன். தமிழை நெட்டை உரக்கப் படிப்பாள், படித்ததும் என்ன செய்வாள் என்று செய்து காட்டுவாள். அவள் கை எங்கே தப்பாகப் போகிறதோ அங்கே உன் தமிழ் தப்பு. சாயந்திரங்களில் வருவதாக ஒப்புக்கொண்டாள். ஒப்புதல் கையெழுத்துப் போட ஆளில்லை என்று எழுதியிருந்தாய், நான் போடுகிறேன். ஐந்தாவது படித்தவள் கையெழுத்து செல்லுமா என்று மேனேஜரைக் கேட்டு எழுது. செல்லாது என்றால் ஹெட் சிஸ்டரும் பக்கத்தில் போடுவார்.

உன் பெண்டாட்டி நீ தூங்குகிறாயா என்று பார்த்து எனக்கு எழுதவேண்டும்.

நான் திருத்தி அனுப்புவதை எதிர்த்து நீ கடிதத்தில் வாதாடக்கூடாது. எனக்குக் கண் வலிக்கிறது, உன் எழுத்து பொடி எழுத்து. வாதாடுவதென்றால் நேரில் வந்து வாதாடு. வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சொல். நெட்டையையும் சாப்பிடக் கூப்பிடவேண்டும், அவளுக்கு உயரமான நாற்காலி இரவல் வாங்கவேண்டும்.

அக்கா